தாளப்பொறி

தாளப்பொறி என்பது முழவு, கைத்தாளம் முதலிய தாளக் கருவிகளின் ஒலிகளை மின்னணு முறையில் உருவாக்கியோ, முன்னரே பதிவு செய்த ஒலிகளை மீட்டோ, குறித்த வரிசையில் இசைக்கும் கருவி ஆகும். இதனோடு நெருங்கிய தொடர்புடையது இசைத்தொடர்ப்பொறி. இசைத்தொடர்ப்பொறி பெரும்பாலும் தானாக ஒலி எழுப்புவதில்லை. எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்க வேண்டும் என்னும் கட்டளைகளை நினைவில் வைத்துப் பிற கருவிகளுக்கு அனுப்புவதே அதன் பணி. ஒலிப்பதிவுக் கூடங்களின் பேச்சு வழக்கில் முன்னது டிரம் மெஷின் என்றும் பின்னது சீக்வென்சர் என்றும் அழைக்கப்படுகின்றன. பெரும்பாலான தாளப்பொறிகளுக்குள் ஒரு சிறிய இசைத்தொடர்ப்பொறியும் அமைந்திருக்கும்.

தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் பரவலாகக் காணப்படும் ரிதம் பேட் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதனைக் கலைஞர் ஒருவர் குச்சியால் அடித்து வாசிக்கின்றார். தாளப்பொறியோ எழுதி வைத்த வரிசையைத் தானே வாசிக்கின்றது.

வரலாறு

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் என்றி கோவெல்லின் வேண்டுகோளின்படி உருசியப் புத்தாக்குநர் லியோன் தெரமின் உருவாக்கிய ரித்மிகான் இவ்வகையின் முன்னோடி எனலாம். 1959ஆம் ஆண்டில் வுர்லிட்சர் நிறுவனம் சைடுமேன் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுழலும் தட்டு ஒன்று மின்தொடர்புகளைத் தொட்டுச் செல்வதால் தாளம் பிறக்கும் அமைப்பு அது. 1963இல் சப்பானில் டோன்கா மாட்டிக் என்னும் கருவி வெளிவந்தது. அதனை உருவாக்கிய நிறுவனமே பின்னர் கோர்க் எனப் பெயர் பெற்றது.

இக்கருவிகளில் ஆலையில் அமைத்த தாளங்களை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிந்தது. 1978இல் வெளியான ரோலண்ட் சிஆர்-78 நுண்செயலியைக் கொண்டிருந்தது. பயனர் தாமே தாளங்களை எழுதிச் சேமிக்கவும் வழி செய்தது. 1980இல் இரு வேறு வழிகள் தோன்றின. ரோசர் லின் வடிவமைத்த எல்எம்-1 உண்மையான முழவொலிகளின் எண்ணிமப் பதிவுகளைப் பயன்படுத்தியது. ரோலண்ட் டிஆர்-808 எல்லா ஒலிகளையும் மின்சுற்றுகளாலேயே உருவாக்கியது. முன்னதன் விலை ஏறத்தாழ 5,000 அமெரிக்க வெள்ளி. பின்னதன் விலை மிகக் குறைவாயினும், அதன் ஒலி உண்மையான முழவைப் போல் இல்லை எனக் குறை கூறப்பட்டது. 1983இல் அதன் உற்பத்தி நின்றது. அதன் பின்னர் பழைய பொருட்களாக மலிவாகக் கிடைத்த இக்கருவிகளை இளம் இசைஞர்கள் வாங்கினர். இயல்பற்றது எனப்பட்ட அதன் ஆழ்ந்த ஒலியே இப்ஆப் முதலிய புதிய இசை வகைகளின் அடையாளம் ஆனது.

1983இல் மிடி என்னும் பொதுத் தொடர்பு முறை அறிமுகமானது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச இது வழி வகுத்தது. 1988இல் வெளிவந்த அக்காய் எம்பிசி60 ஒலிமாதிரி எடுத்தல், இசைத்தொடர் எழுதுதல், 16 அடிதட்டுகள் ஆகியவற்றை ஒரே பெட்டிக்குள் அடக்கியது.

இந்தியாவிலும் தமிழ்த் திரையிசையிலும்

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்சித் சிங் 1982ஆம் ஆண்டில் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். டிஆர்-808 தாளப்பொறி, டிபி-303 தாழ்சுர இசைத்தொடர்ப்பொறி, சூப்பிட்டர்-8 இசைக்கூட்டி ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளே அதில் முதன்மையானவை. வெளியான காலத்தில் பெரிதும் கவனிக்கப்படாத இத்தட்டு, 2010இல் மறுவெளியீடு கண்டபின் உலகெங்கும் பேசப்பட்டது.

தமிழில் இளையராசாவின் இசையில் 1986ஆம் ஆண்டில் வெளியான புன்னகை மன்னன், இசைத்தொடர்ப்பொறியின் பயன்பாட்டுக்காகப் பெரிதும் குறிப்பிடப்படும் படம் ஆகும். அ. இர. ரகுமான் 1989இல் சென்னையில் தம் வீட்டு வளாகத்திலேயே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவினார். விளம்பரங்களுக்கான சிற்றிசைகள் அங்கு உருவாயின. 1992இல் வெளியான ரோசா படத்தின் பாடல்களும் அங்குப் பிறந்தவையே. பெரிய இசைக்குழுவை ஒரே நாளில் கூட்டிப் பதிவு செய்யும் முறைக்கு மாற்றாக, வீட்டில் அமர்ந்து அடுக்கடுக்காக இசையைக் கட்டும் முறைக்கு இது தமிழில் அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

மரபிசைத் துறையில் பெங்களூரின் ராடெல் நிறுவனம் மின்னணுத் தம்புரா, மின்னணுத் தபலா, கருநாடக இசைத் தாளங்களை ஒலிக்கும் தாளமானி ஆகியவற்றைத் தயாரித்தது. பாட்டுப் பயிற்சி செய்யும் பல வீடுகளில் முதலில் நுழைந்த தாளப்பொறி இத்தகையதே.

இயங்கும் முறை

படிகள்

பெரும்பாலான தாளப்பொறிகள் ஒரு சுற்றைச் சம அளவுள்ள படிகளாகப் பிரிக்கின்றன. 16 படிகள் வழக்கமானவை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பொத்தான் உண்டு. பொத்தான் ஒளிர்ந்தால் அப்படியில் முழவு ஒலிக்கும், ஒளிராவிட்டால் அமைதி. நிமிடத்திற்கு 120 அடிகள் என்னும் வேகத்தில் ஓர் அடியின் நீளம் அரை நொடி. அடிக்கு 4 படிகள் எனில் ஒரு படி 0.125 நொடி, 16 படிகளின் ஒரு சுற்று 2 நொடி.

தாளங்களைப் படிகளாக மாற்றுதல்

இந்த 16 படிகள் மேற்கத்திய நான்கடித் தாளத்தை மனத்திற் கொண்டு அமைந்தவை. நம் தாளங்களை அதில் எழுத முற்படும்போது கணக்கு பின்வருமாறு அமைகின்றது.

- ஆதி தாளம், சதுசிர நடை: 8 அட்சரம், அட்சரத்திற்கு 4 மாத்திரை, மொத்தம் 32 படிகள்
- ஆதி தாளம், திசிர நடை: 8 அட்சரம், அட்சரத்திற்கு 3 மாத்திரை, மொத்தம் 24 படிகள்
- ஆதி தாளம், கண்ட நடை: 8 அட்சரம், அட்சரத்திற்கு 5 மாத்திரை, மொத்தம் 40 படிகள்
- மூன்று எண்ணிக்கையாகப் போடப்படும் ரூபகம்: 3 அட்சரம், அட்சரத்திற்கு 4 மாத்திரை, மொத்தம் 12 படிகள்
- மிசிர சாபு: 3+2+2 என்னும் 7 பிரிவுகள், பிரிவுக்கு 2 வீதம் 14 படிகள்
- கண்ட சாபு: 2+3 என்னும் 5 பிரிவுகள், பிரிவுக்கு 2 வீதம் 10 படிகள்

எனவே 16 படிகளுக்கு மேல் நீட்ட முடியாத பொறியில் ஆதி தாளத்தின் ஒரு முழு ஆவர்த்தனத்தை எழுத இரு சுற்றுகளைச் சங்கிலியாக இணைக்க வேண்டும். இறுதிப் படியை முன்னதாக நிறுத்த முடியாத பொறியில் சாபு தாளங்களை ஒரே சுற்றில் எழுத இயலாது. கோர்க் வோல்கா பீட்ஸ் போன்ற சிறு பொறிகளில் வேண்டாத படிகளை நீக்கிச் சுற்றைக் குறுக்கும் வசதி உண்டு. 2017இல் வெளியான எலெக்ட்ரான் டிஜிடாக்ட் ஒரு சுற்றில் 64 படிகள் வரை அளித்தது; அதில் கண்ட நடை ஆதி ஒரே சுற்றில் அடங்கும்.

சில பொறிகளில் ஒவ்வொரு முழவுக்கும் வெவ்வேறு சுற்று நீளம் கொடுக்கலாம். ஒன்று 16 படிகளிலும் மற்றொன்று 14 படிகளிலும் சுழன்றால் இரண்டும் 112 படிகளுக்குப் பிறகே மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். முதலாவது 7 சுற்றும் இரண்டாவது 8 சுற்றும் அதற்குள் முடிந்திருக்கும். கோர்வைகளின் கணக்கை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

மிடித் தொடர்பு

மிடி வழியே நொடிக்கு 31,250 துணுக்குகள் செல்கின்றன. ஒரு கம்பியில் 16 தடங்கள் உண்டு. ஒரு சுரத்தைத் தொடங்கும் கட்டளைக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி பிடிக்கும். ஒரே கணத்தில் பத்து ஒலிகள் எழ வேண்டுமெனின் பத்தாவது ஒலி சிறிது பிந்தும். இதனால் முதன்மைத் தாளத்தை வெளிப்பொறி வழியே ஓட்டாமல் தாளப்பொறியின் உள்வரிசையிலேயே ஓட்டுவது நன்று. கருவிகள் ஒரே வேகத்தில் செல்ல, ஓர் அடிக்கு 24 துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. ஒரு கருவி தலைமைக் கடிகாரமாக இருக்க, ஏனையவை அதனைப் பின்பற்றும்.

மிடிக்கு முந்திய டிஆர்-808 போன்ற பொறிகளை இன்றைய கருவிகளோடு இணைக்க இடைமாற்றி ஒன்று தேவை. மிடிக்கு மெல்லிய 3.5 மி.மீ. செருகியைப் பயன்படுத்தும் கருவிகளில் இரு வேறு கம்பி அமைப்புகள் வழக்கில் இருந்தன. 2018இல் அவற்றுள் ஏ வகை பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்திய கருவிகளை வாங்குவோர் வகையைப் பார்த்தே இணைப்புக் கம்பி வாங்க வேண்டும்.

வகைகள்

ஒப்புமைப் பொறிகள்: மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்குபவை. ஒலியின் நீளம், சுருதி ஆகியவற்றைத் திருகிகளால் மாற்றலாம். ஆர்டூரியா டிரம்புரூட் இவ்வகை. டிஆர்-808இன் அமைப்பைப் பின்பற்றிய பெரிங்கர் ஆர்டி-8உம் இவ்வகையைச் சேர்ந்தது.

நிலைத்த ஒலிமாதிரிப் பொறிகள்: ஆலையில் பதித்த ஒலிகளை மட்டும் கொண்டவை. 1990களின் தொடக்கத்திலிருந்து நெடுங்காலம் விற்பனையில் இருந்த அலெசிஸ் எஸ்ஆர்-16 இதற்கு எடுத்துக்காட்டு. 233 ஒலிகள் அதில் உள்ளன. மேற்கத்திய முழவுகளே பெரும்பான்மை.

ஒலிமாதிரி ஏற்கும் பொறிகள்: பயனர் தாம் பதிவு செய்த ஒலிகளை ஏற்றிக்கொள்ளலாம். எம்பிசி வரிசை, டிஜிடாக்ட், கோர்க் வோல்கா சாம்பிள் ஆகியன இவ்வகை. 2014இல் வெளியான முதல் வோல்கா சாம்பிளில் மொத்தம் 65 நொடி ஒலிக்கே இடம் இருந்தது. எனினும் ஒரு முழவடி அரை நொடிக்குள் அடங்குவதால் பல அடிகளுக்கு அது போதுமானது.

தனி இசைத்தொடர்ப்பொறிகள்: ஒலி எழுப்பாது கட்டளை மட்டும் அனுப்புபவை. 2015இல் வெளியான ஆர்டூரியா பீட்ஸ்டெப் புரோவில் இரு சுர வரிசைகளும் 16 தடங்கள் கொண்ட ஒரு தாள வரிசையும் உண்டு.

வீட்டு இசைக்கூடத்திற்குத் தேர்வு செய்தல்

ஒரே ஒரு பொறி மட்டும் வாங்கும் நிலையில் உள்ளவர், முதலில் தாம் செய்ய விரும்பும் இசை எது என முடிவு செய்தல் வேண்டும். அதன்பின் பின்வரும் வினாக்களை எழுப்பலாம்.

1. சுற்றின் நீளத்தைப் படிப்படியாக மாற்ற முடியுமா? சாபு தாளங்களும் நடை மாற்றமும் வேண்டுவோர்க்கு இதுவே முதல் வினா.
2. சொந்த ஒலிகளை ஏற்ற முடியுமா? முடியாதெனின் பறை, பம்பை, தவில் ஆகியவை அப்பொறிக்குள் வரப்போவதில்லை.
3. அடியின் அழுத்தத்தை எத்தனை அளவுகளில் வேறுபடுத்தலாம்? எல்லா அடிகளும் ஒரே வலிமையில் ஒலித்தால் இசை விரைவில் சலிக்கும்.
4. ஒவ்வொரு முழவுக்கும் தனி ஒலிவாய் உண்டா? ஒரே இணைவாய் மட்டும் உள்ள பொறியில், பதிவு செய்தபின் ஒரு முழவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஒவ்வொன்றாகத் தனித்தனியே பதிவு செய்வதே மாற்று வழி.
5. எழுதியவற்றைக் கணினியில் படி எடுத்து வைக்க முடியுமா?
6. படிப்பலகை சிறிதாகவும் பட்டியல்கள் ஆழமாகவும் உள்ளனவா? எண்ணியதை உடனே செய்ய முடியாத பொறி அலமாரியில் தூங்கும்.

பழைய பொறிகளை வாங்குகையில் மின்சாரம் பற்றிய எச்சரிக்கை முதன்மையானது. இந்தியாவில் மின்னழுத்தம் 230 வோல்ட். சப்பானில் அது 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கிருந்து வந்த, நேரடியாகச் சுவரில் செருகும் பொறியை மின்மாற்றி இன்றி இங்கு இயக்கினால் அது அப்பொழுதே கெடும். வெளி மின்வழங்கியிலும் கவனம் தேவை. ரோலண்ட் குழுமத்தின் சிறு கருவிகளில் செருகியின் நடுமுனை பொதுவாக எதிர்மின். கோர்க் வோல்கா கருவிகளில் நடுமுனை நேர்மின். எஸ்ஆர்-16க்குத் தேவையானது 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம். செருகி பொருந்துகின்றது என்பதால் மின்வழங்கியும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

பழைய பொறிகளில் நினைவைக் காக்கும் சிறு லித்தியம் மின்கலம் தீர்ந்திருக்கலாம். பொறியை அணைத்து, சில நிமிடம் கழித்து மீண்டும் இயக்கி, எழுதிய தாளம் இருக்கின்றதா எனப் பார்த்தல் எளிய சோதனை. எல்லாப் பொத்தான்களையும் மெதுவாகவும் விரைவாகவும் அழுத்திப் பார்த்தல், திருகிகளைச் சுழற்றும்போது கரகரப்பு எழுகின்றதா எனக் கேட்டல், ஒவ்வொரு ஒலிவாயையும் சோதித்தல் ஆகியனவும் தேவை.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில்

விழுப்புரம் சென்னை, திருச்சிராப்பள்ளி, காட்பாடி, மயிலாடுதுறை, புதுச்சேரி ஆகிய திசைகளுக்குத் தொடர்வண்டிப் பாதைகள் பிரியும் சந்திப்பு ஆகும். திண்டிவனம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் சாலைகள் பிரியும் இடத்தில் அமைந்துள்ளது. இவ்வூர்களில் வீட்டில் இசை செய்வோர்க்கு, கருவியை வாங்கும் முன் கைவைத்துப் பார்ப்பதற்குச் சென்னைப் பயணம் உகந்தது. சென்னை அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற நெடுநாள் இசைக்கருவிக் கடைகள் உள்ளன.

இப்பகுதிக்குரிய செல்வம் அதன் தோற்கருவிகளே. மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாட்டில் பம்பையும் உடுக்கையும் இன்றியமையாதவை. செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நிகழ்கின்றது. ஆலையொலி மட்டும் கொண்ட பொறியை வாங்குபவர், வாசலில் கேட்கும் இவ்வொலிகளை விட்டு, தொலைவில் உள்ளோர் தேர்ந்த ஒலிகளுக்குள் தம் இசையை அடக்கிக்கொள்கின்றார். ஆகவே இப்பகுதியில் ஒலிமாதிரி ஏற்கும் பொறிக்கே மிகுந்த பயன் உண்டு.

ஒலிமாதிரி எடுக்கையில் ஒவ்வொரு கருவியின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

- பறை: தீயில் காய்ச்சிய பின் சுருதி ஏறும், ஆறுகையில் இறங்கும். எனவே எல்லா அடிகளையும் ஒரே காய்ச்சலில் பதிவு செய்ய வேண்டும். நீண்ட மெல்லிய குச்சியின் அடியும் குட்டையான குச்சியின் அடியும் தனித்தனியே எடுக்கப்பட வேண்டும்.
- பம்பை: இணைத்துக் கட்டிய இரு உருளை முழவுகள். ஒவ்வொன்றையும் தனியாகவும், இரண்டும் சேர்ந்தும் பதிவு செய்தல் நன்று.
- உடுக்கை: நடுக்கயிற்றை இறுக்கித் தளர்த்துவதால் சுருதி வழுகும். ஒற்றை அடியில் இது அகப்படாது. வழுகலோடு கூடிய சிறு தொடர்களாகவே பதிவு செய்ய வேண்டும்.
- மிருதங்கம்: வலந்தலை சுருதியோடு இணைந்தது. பாட்டின் சுருதி மாறினால் ஒலிமாதிரியின் சுருதியையும் மாற்ற வேண்டும். பெரிதாக மாற்றினால் ஒலியின் இயல்பு கெடும்.

ஒவ்வோர் அடியையும் மென்மை, நடுத்தரம், வன்மை என மூன்று அழுத்தங்களில், ஒவ்வொன்றும் நான்கைந்து முறை எடுத்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தால் இயந்திரத்தன்மை குறையும்.

வாசித்த கலைஞரின் இசைவைப் பெறுதலும் அவருக்குரிய ஊதியத்தை முன்னரே பேசி எழுதுதலும் இன்றியமையாதவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி நிகழ்த்துநர்க்குத் தனி உரிமை வழங்குகின்றது. அதன் காலம் 50 ஆண்டுகள். ஒருநாள் வாசிப்பு நூறு பாடல்களில் ஒலிக்கக்கூடும் என்பதைக் கலைஞர் அறிந்தே வாசிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் மிகுவதால் திருகிகளும் செருகிகளும் கறுக்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. கருவிகளையும் மின்பலகைகளையும் தரையில் வையாது உயரத்தில் வைத்தல், மழைநாட்களில் செருகிகளைக் கழற்றி வைத்தல், எழுதியவற்றின் படியை வேறிடத்தில் சேமித்தல் ஆகியன இப்பகுதிக்குப் பொருத்தமான முன்னெச்சரிக்கைகள். மின்வெட்டை எண்ணினால் மின்கலத்திலும் இயங்கும் சிறு பொறிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. வோல்கா பீட்ஸ் ஆறு ஏஏ மின்கலங்களில் இயங்கும்.

வன்பொருளும் மென்பொருளும்

கணினி ஏற்கெனவே வைத்திருப்பவர்க்குத் தாளப்பொறி கட்டாயம் அன்று. ஹைட்ரஜன் என்னும் கட்டற்ற தாள மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. அதில் சொந்த ஒலிகளை ஏற்றலாம். சுற்றின் நீளத்தையும் மாற்றலாம். மேலே கூறிய தாளக் கணக்குகளை அதில் பழகிய பின்னரும் விரல்களால் தொட்டு உடனுக்குடன் மாற்றும் கருவி தேவை எனத் தோன்றினால் வன்பொருளை வாங்குவது பணத்தை வீணாக்காத வழி. மேடையில் இசைப்போர்க்கு வன்பொருளின் பயன் கூடுதல். பாட்டின் நடுவே திரையை நோக்காமல் கைப்பழக்கத்தாலேயே தாளத்தை மாற்றலாம்.

விமர்சனங்கள்

தாளப்பொறி கலைஞர்களின் வேலையைப் பறிக்கின்றது என்னும் குற்றச்சாட்டு தொடக்கம் முதலே உண்டு. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, ஒலிப்பதிவுகளிலும் நிகழ்ச்சிகளிலும் இசைக்கூட்டி, தாளப்பொறி ஆகியவற்றின் பயன்பாட்டைத் தடை செய்யக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் பல தபலா, டோலக், தவில் கலைஞர்கள் சேர்ந்து வாசித்த இடத்தில் ஒருவர் பணி செய்யும் நிலை ஏற்பட்டது.

மறுபுறம், பெரிய குழுவை அமர்த்தப் பொருளற்ற சிற்றூர் இசைஞர் தம் பாடலை முழுமையாகக் கேட்க முடிந்ததும் இப்பொறியால்தான். பாட்டின் வடிவத்தைப் பொறியில் வரைந்து, இறுதிப் பதிவில் உயிருள்ள கலைஞர் ஒருவரையேனும் சேர்த்துக்கொள்ளும் கலப்பு முறையும் உண்டு. பொறி காலம் தவறாமல் அடிக்க, அதன்மேல் பம்பைக்காரர் முந்தியும் பிந்தியும் வாசிக்கும்போது எழும் உயிர்ப்பைப் படிகளில் எழுதுதல் எளிதன்று.

இவற்றையும் பார்க்கவும்

- மிடி
- இசைக்கூட்டி
- தாளம் (கருநாடக இசை)
- பம்பை
- பறை
- உடுக்கை
- விழுப்புரம் மாவட்டம்